தோல் கலரு

முப்பத்தி நாலு வயசுல எதுக்குப்பா படம் போடக் கத்துக்கிற என்று தோழர்கள் கேட்கிறார்கள். துண்டறிக்கை எழுதுகிற கைக்கு இது வேண்டாத வேலையாம். அம்பேத்கர் ஐம்பது வயசு தாண்டித்தான் வயலினும் ஓவியமும் பழகினார் என்று சொன்னால், 'அவரு அம்பேத்கரு' என்கிறார்கள். சரிதான்.

சேரிக்கும் வண்ணத்துக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே எங்கம்மா ஊர்த்தெருவுக்குச் சுண்ணாம்படிக்கப் போயிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் தாளித்து, நீலம் கலந்து, நுனி நசுக்கின மட்டையால் அடிக்கும். வெளிச்சுவர் வரைக்கும்தான் அம்மா. உள்சுவருக்கு அவர்கள் சாதியிலேயே ஆள் வரும். ஒரே சுவருக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று தீட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். கையெல்லாம் வெந்து தோலுரிந்து வருகிற அம்மா, கொண்டுவந்த மிச்சச் சுண்ணாம்பில் எங்கள் மண்சுவருக்கும் வெள்ளையடித்து, கீழே செம்மண்ணில் ஒரு பட்டை இழுக்கும். நூல் பிடித்த மாதிரி நிற்கும் அந்தப் பட்டை. எம்.ஏ. தமிழில் எனக்குச் சித்தன்னவாசலைச் சொன்னார்கள். அந்த ஓவியமும் சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் நிற்கிறது. அந்தச் சுண்ணாம்பை அரைத்த கை யாருடையது என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுப்பவர் எங்கள் காலனி அண்ணன் ஒருத்தர். ஒரு காலத்தில் கட்சிச் சுவரெல்லாம் எழுதினவர். 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. இப்போது வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கிறார். நான் போனதும் அம்பேத்கர் முகத்தைத்தான் கேட்டேன். "மொதல்ல கொடத்தப் போடு தம்பி. கொடம் வராம மூஞ்சி வராது" என்றார். ஒரு மாசம் குடம். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுது, நிழல் எங்க திரும்புது, அவ்வளவுதான் பாடம்.

அப்புறம் கட்டம். போட்டோவில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கட்டம், சுவரில் ஒரு அடிக்கு ஒரு கட்டம். நூலை நீலப்பொடியில் தோய்த்து ரெண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் சுவரில் கோடு விழும். மூக்குக் கண்ணாடியின் விளிம்பு எந்தக் கட்டத்தில் நுழைந்து எந்தக் கட்டத்தில் வெளியேறுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். "மூஞ்சியப் பாத்தீன்னா ஒனக்குத் தெரிஞ்ச மூஞ்சியப் போட்டுடுவ. கட்டத்தப் பாரு, அவரா வருவாரு." இலக்கணம் படித்த எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொன்னதில்லை.

சிக்கல் வண்ணத்தில் வந்தது. இரவுப்பள்ளிக்கு வாங்கிக் கொடுத்த கிரேயான் பெட்டியில் வெளிர் ரோசாவாக ஒரு குச்சி. "தோல் கலரு குடு, தோல் கலரு குடு" என்று பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். நீண்ட கையெல்லாம் கறுத்த கை. யாருடைய தோலுக்குத் தோல் கலர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்? காலண்டர் அம்பேத்கரும் அந்த ரோசாதான். நமக்குக் கிடைத்த போட்டோக்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அவருக்கு நிறம் போட்டது அச்சகம்.

அண்ணன் மஞ்சள் காவி, செங்காவி, வெள்ளை மூன்றையும் தகர மூடியில் கலக்கச் சொன்னார். நிழலுக்குக் கறுப்பு கூடாது, சேறாகிவிடும். செங்காவியில் துளி நீலம் விட்டால் போதும். எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு படி கறுக்கும். ஆகவே சுவர் ஓரத்தில் தீற்றிக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். பதினோரு பிள்ளைகளும் வரிசையாக முழங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார்கள். பதினோரு நிறம் கலக்கினோம். வாழ்நாளில் நான் நடத்திய ஆகச் சிறந்த வகுப்பு அதுதான்.

தகராறு ஊர்த்தெருவிலிருந்து வரும் என்று எதிர்பார்த்தோம். சுவர் ரோட்டைப் பார்த்து இருக்கிறது. ஒருத்தர் பைக்கை நிறுத்தி, "உள்பக்கமாப் போட்டுக்கக் கூடாதா?" என்று கேட்டதோடு சரி. மறித்து நின்றது எங்கள் ஆயா. "தலைவர எதுக்குடா கறுப்பாக்கறீங்க? நம்மள மாதிரியே இருந்தா ஊர்க்காரன் மதிப்பானா?" தலித் அழகியல் பற்றி நாலு கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆயாவுக்குச் சொல்ல அதில் ஒரு வரி இல்லை. நாக்பூர்க்காரர் சவி சவர்க்கர் வரைந்த படங்களைக் காட்டினேன். கழுத்தில் கலயமும் பின்னால் துடைப்பமும் கட்டி, பேஷ்வா காலத்தில் நடக்கவைக்கப்பட்ட நம் சனங்கள். அழகாக்காமல் வரைந்திருப்பார். "இதையெல்லாமா படம்னு போடுவாங்க" என்றது ஆயா, கண்ணை எடுக்காமல்.

ஏப்ரல் 14க்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நீலக் கோட்டு முடிந்துவிட்டது, அதில் யாருக்கும் தகராறில்லை. முகத்தில் ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. தினமும் சாயங்காலம் ஆயா வந்து நின்று பார்க்கிறது. "இன்னும் காயலியாடா?" என்று கேட்டுவிட்டுப் போகிறது.