பீட் பம்பு தேடிய படலம்

தமிழிலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருவன், டீசல் லாரியின் பம்பைப் பற்றி இம்மலரில் எழுதப் புகுந்தது கண்டு நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். சென்ற கோடை விடுமுறையில் யான் விரித்துப் பார்த்த ஏடுகளினும் பிரித்துப் பார்த்த பம்புகளே மிகுதி. அன்றியும், எங்கள் வீட்டில் ஐவர் உண்பதும், யான் இக்கல்லூரியில் பயில்வதும், வங்கிக்கு மாதந்தோறும் தவணை செல்வதும் ஒரே ஒரு லாரியின் உழைப்பால். அந்த லாரியோ, ஒரு கையில் அடங்கிவிடும் சிறு பம்பு ஒன்றின் தயவால் ஓடுவது.

என் தந்தையார் தூத்துக்குடி உப்பளங்களில் உப்பேற்றி, திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை வழியே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொல்லம் சென்று மீள்பவர். வண்டி 2009-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. முன்னொருவர் ஓட்டி விற்க, நாங்கள் வாங்கியது. அதற்குச் சென்ற சித்திரையில் ஒரு பிணி கண்டது. விடியற்காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. சமநிலத்தில் குறையொன்றும் தோன்றாது. புளியரைக்கு அப்பால் மலைப்பாதை தொடங்கியதும், பாரத்தோடு ஏறுகையில் இழுவை குன்றி, இருமி, சிற்சில வேளை நின்றே போகும். மலைவளைவில் எஞ்சின் நிற்பது விளையாட்டன்று. பிரேக்குக்குரிய காற்றை நிரப்பும் கம்பிரஸர் எஞ்சினாலேயே சுழல்வது. பவர் ஸ்டியரிங்கும் அவ்வாறே. கிளீனர் குதித்திறங்கிச் சக்கரத்துக்குப் பின்னே கட்டை வைக்கும் வரையில் செல்லும் அந்தச் சில நொடிகளைப் பற்றித் தந்தையார் வீட்டில் வாய் திறந்ததேயில்லை. கிளீனர் சொல்லித்தான் அம்மா அறிந்தார். குறை தீரும்வரை வண்டி மலையேறலாகாது என்று அம்மா கட்டளையிட்டார். தவணை நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நிற்க. பீட் பம்பு என்பது யாது என்று கேட்பார்க்குச் சிறிது கூறல் வேண்டும். லாரியின் டீசல் தொட்டி சட்டத்தின் பக்கத்தே தாழ்ந்து தொங்குவது. எஞ்சினின் விலாவில், அதனினும் உயரத்தில், பெரிய பம்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய துளியை அளந்து, உரிய நொடியில், நாஸில் வாய் திறக்கும்படி ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் செலுத்துவது அதன் தொழில். இத்துணை வல்லதாயினும், தன் உணவைத் தானே சென்று எடுத்துக்கொள்ள அஃது அறியாது. தொட்டியிலுள்ள டீசலை உறிஞ்சி, பில்டர்களின் ஊடே தள்ளி, ஒன்று அல்லது இரண்டு பார் அழுத்தத்தில் அதன் வாயிலிற் கொண்டு சேர்ப்பதே பீட் பம்பு. ஊட்டுகின்ற பம்பு என்பது சொற்பொருள்.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் எண்ணெயை உட்செலுத்தியது அழுத்திய காற்று. அதற்கென ஒரு கம்பிரஸர் வேண்டியிருந்தது. அப்பெருஞ்சுமையைத் தூக்கிக்கொண்டு வீதியில் ஓடுவதெங்ஙனம்? ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் 1927-ல் எண்ணெயை நேரே அழுத்தும் பம்புகளைப் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே டீசல் லாரி எங்கும் பரவலாயிற்று. நம் நாட்டில் அவர்தம் கூட்டுறவோடு பெங்களூரில் மைக்கோ என்னும் நிறுவனம் 1951-ல் எழுந்தது. அதன் பெயர் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆயினும் பட்டறைகளில் இன்றும் யார் செய்த பம்பாயினும் 'மைக்கோ பம்பு' என்பார் உளர். செய்தவர் பெயர் செய்பொருளுக்கு ஆகி வருவதைக் கருத்தாவாகுபெயர் என்று வகுப்பில் மனப்பாடம் செய்த எனக்கு, கிரீஸ் படிந்த கைகளினிடையே அதற்கு ஓர் உதாரணம் கிடைத்தது மகிழ்ச்சியளித்தது.

பீட் பம்பின் உள்ளமைப்பில் ஒரு நுட்பம் உளது. அதனை அறியாதார்க்குப் பம்பைத் தெரிந்தெடுக்க இயலாதென்பது என் துணிபு. பெரிய பம்பின் உள்ளே சுழலும் தண்டில் ஒரு மேடு இருக்கிறது. அம்மேடு உருளையொன்றின் வழியாகப் பீட் பம்பின் பிளஞ்சரை உள்ளே தள்ளும். அப்போது டீசல் வெளியே செல்லாது. பிளஞ்சரின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு வால்வின் வழியே இடம் மாறுவதோடு சரி. சுருங்கிய ஸ்பிரிங்கு பிளஞ்சரைத் திருப்பித் தள்ளும்போதுதான் மறுபுறத்து டீசல் பில்டரை நோக்கி வெளியேறும். அதே வேளையில் தொட்டியிலிருந்து புதிய டீசல் உள்ளே உறிஞ்சப்படும். ஆதலின், தள்ளுவது எஞ்சினின் வலிமையன்று. அந்தச் சிறு ஸ்பிரிங்கின் வலிமையே. எதிரில் டீசல் நிறைந்து அழுத்தம் ஏறிவிட்டால் ஸ்பிரிங்கு அதனை வெல்லமாட்டாது. பிளஞ்சர் பாதி வழியிலேயே நின்றுகொள்ளும். குழந்தை வாயை மூடிக்கொண்டால் ஊட்டுகின்ற தாய் கையைப் பின்னிழுத்துக்கொள்வதை ஒக்கும் இது. போதும் என்னும் அளவறிந்து நிற்கும் பம்பே நல்ல பம்பு. மிகுதியாகத் தள்ளுவது சிறந்தது என்று எண்ணுவோர் மிகப் பலர்.

அவ்வெண்ணம் கொண்டோர் லாரி ஸ்டாண்டில் இருவர் எங்களுக்கு வாய்த்தனர். "பெரிய பீட் பம்பாகப் போட்டுவிடுங்கள், வண்டி பறக்கும்" என்பது அவர்தம் அறிவுரை. இது பிழை. எஞ்சினுக்குள் எத்துணை டீசல் புக வேண்டுமென்று தீர்மானிப்பது பெரிய பம்பு. ஊட்டுவது தேவைக்கு மேற்பட்டால் மிகுதியெல்லாம் ஓவர்புளோ வால்வைத் திறந்துகொண்டு தொட்டிக்கே திரும்பிவிடும். ஸ்பிரிங்கு வேண்டாத கடுமையுடையதாயின் பில்டர் வாஷர்களில் கசிவு காணும், அவ்வளவே பயன். குறைவாக ஊட்டினால் மட்டும் கேடு உடனே வெளிப்படும். பாரத்தோடு ஏறும்போதன்றோ டீசல் மிகுதியாக வேண்டும்? அவ்வேளையில் வயிறு வாடிய பெரிய பம்பு தடுமாறும்.

எங்கள் வண்டியின் பிணி இதுவே என்று தந்தையாருக்கு ஐயமில்லை. தென்காசியில் தாம் வழக்கமாகச் செல்லும் டீசல் பட்டறைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு சென்றார். "அண்ணாச்சி, பீட் பம்பு போய்விட்டது. எந்தப் பம்பு வாங்கட்டும்?" என்றார். பட்டறை அண்ணாச்சி அறுபது வயதினர், சொற்செட்டு மிக்கவர். "பம்பு போய்விட்டதென்று பம்பு சொல்லிற்றா?" என்று கேட்டுவிட்டு, முதலில் டீசல் தொட்டியின் மூடியைத் திறந்து காதைக் கொடுத்தார். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால், டீசல் குறையக் குறையத் தொட்டியினுள் வெற்றிடம் உண்டாகி, எவ்வளவு நல்ல பம்பாலும் உறிஞ்ச முடியாமற் போகுமாம். அப்போது மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உட்புகும். அந்த ஓசை கேட்கவில்லை. பிறகு தொட்டிக்குள் இறங்கும் குழாயின் சல்லடையைக் கழற்றினார். உப்பு வண்டியாதலால் துரு இருந்தது, கழுவினார். பின்பு திரும்பி வரும் குழாயில் உள்ளே தெரியக்கூடிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். டீசலோடு குமிழிகள் வந்தன. உறிஞ்சும் வழியில் எங்கோ காற்று புகுகிறதென்பது அதன் பொருள். நான்கு செப்பு வாஷர்களைப் புதிதாக மாற்றினார். குமிழிகள் நின்றன.

யானோ, காரியம் நான்கு வாஷர்களோடு முடிந்ததென்று உள்ளூர மகிழ்ந்தேன். அவர் முடிக்கவில்லை. பீட் பம்பின் வெளிவாயிலில் அழுத்தமானியை வைத்துப் பார்த்தார். முள் ஒரு பாரையும் எட்டவில்லை. அடுத்து எஞ்சினின் டிப் ஸ்டிக்கை உருவி, விரலால் தடவி, முகர்ந்து, என் மூக்கருகே நீட்டினார். டீசல் மணம்! எண்ணெயின் அளவும் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேல் ஏறியிருந்தது. எங்கள் வண்டியில் பெரிய பம்பினுள் சுழலும் எண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் ஒன்றே. பீட் பம்பில் பிளஞ்சரைத் தள்ளும் தண்டு தேய்ந்துவிட்டால், அதன் ஓரமாக டீசல் கசிந்து அவ்வெண்ணெயிற் கலக்கும். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காவாது. மலையில் நிற்பதினும் பெருங்கேடு இது, எஞ்சினையே கொண்டுபோய்விடும். "இனிப் பம்பை மாற்றலாம்" என்றார் அண்ணாச்சி. வால்வும் ஸ்பிரிங்கும் வாஷரும் அடங்கிய ரிப்பேர் கிட்டு போடலாகாதா என்று யான் வினவினேன். தண்டு ஓடும் துளையே அகன்றுவிட்டபடியால் கிட்டு பயன்படாது என்றார்.

இதன்பின்னரே தெரிவு தொடங்கியது. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் பம்பு ஒன்று. அதன் விலையில் ஏறத்தாழப் பாதிக்கு வேறு உற்பத்தியாளர் செய்த பம்பு. அதனினும் மலிவாகப் பழையதைப் புதுப்பித்த ரீகண்டிஷன் பம்பு. இவையன்றி, மின்சாரத்தால் ஓடும் பம்பொன்றைத் தொட்டியருகே மாட்டிவிடலாம் என்றும் ஒரு கடைக்காரர் ஆசை காட்டினார். மின்சாரப் பம்பு தன்னளவில் தாழ்ந்ததன்று. சாவியைத் திருப்பியவுடன் டீசலை ஏற்றிவிடும். ஆனால் அவர் காட்டியது 12 வோல்ட்டு; எங்கள் லாரியோ 24 வோல்ட்டு. அன்றியும் விபத்து நேர்ந்து எஞ்சின் நின்ற பின்னும், துண்டிக்கும் ஏற்பாடில்லையேல், அது டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ரீகண்டிஷன் பம்பில் அகன்ற துளைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டோம். கடைக்காரர் பெயின்டைப் புகழ்ந்தார். அதோடு அதனைக் கைவிட்டோம்.

எஞ்சியவை இரண்டு. இங்கே ஒரு சொல் எங்களை வெகுநேரம் அலைக்கழித்தது. உதிரிப்பாகக் கடைகளில் வண்டிக் கம்பெனிச் சாமானுக்கு 'ஒரிஜினல்' என்று பெயர். அதுவல்லாதன யாவற்றுக்கும் 'டூப்ளிகேட்' என்றே பெயர். தன் பெயரையும் ஊரையும் எண்ணையும் வெளிப்படையாகப் பொறித்து, இன்ன வண்டிக்கு இது பொருந்தும் என்று பொறுப்பேற்று விற்கிறவனும் டூப்ளிகேட். பிறனொருவனுடைய பெயரையும் பெட்டியையும் திருடி ஒட்டி விற்கிறவனும் டூப்ளிகேட்! முன்னவன் வேறோர் உற்பத்தியாளன், பின்னவன் கள்வன். இருவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கம், நேர்மையான உற்பத்தியாளனுக்கு இழிவையும் கள்வனுக்கு மறைவிடத்தையும் ஒருங்கே தருகிறது. தந்தையார் டூப்ளிகேட் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சி, கடன் வாங்கியேனும் கம்பெனிப் பெட்டியை வாங்கிவிடுவதென்றிருந்தார். ஒரு கடையில் அப்பெட்டி வியக்கத்தக்க மலிவில் கிடைத்தது. அண்ணாச்சி அதனைக் கையில் வாங்கி, வார்ப்பின் ஓரங்களைத் தடவி, பெட்டியில் அச்சிட்ட எண்ணும் பம்பின் உடலிற் பதித்த எண்ணும் ஒவ்வாமையைக் காட்டினார். அஞ்சி ஓடியவர் அஞ்சியதன் வாயிலேயே புகவிருந்தார்.

"பெயரை விடுங்கள், பம்பைப் பார்ப்போம்" என்று சொல்லி, தம் பெயரோடு விற்கும் உற்பத்தியாளர் ஒருவருடைய பம்பை வரவழைத்தார். பழையதையும் புதியதையும் மேசையில் அருகருகே கிடத்தி அவர் ஒப்பிட்ட முறை, சுவடி இரண்டை வைத்துப் பாடவேறுபாடு காணும் முறையை எனக்கு நினைவூட்டியது. ஏறிட்டுப் பார்த்தால் எல்லாப் பீட் பம்பும் ஒன்றுபோலத் தோன்றும். உருளை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவு சிறிது குறைந்தாலும் பிளஞ்சரின் ஓட்டம் குறையும். கூடினால் உட்புறத்தே முட்டி உடையும். உருளையின் நீட்டத்தைக் காலிப்பரால் அளந்தார். போல்ட்டுத் துளைகளின் இடைவெளி, உள்வாயிலும் வெளிவாயிலும் நோக்கும் திசை, மரையின் அளவு ஆகியவற்றை விரைந்து பார்த்தார். பிறகு உள்வாயிலைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு மேலேயுள்ள கைப்பம்பை இயக்கச் சொன்னார். இயக்கினேன். விரல் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. கையை நிறுத்திய பின்னும் பிடி உடனே தளரவில்லை. வால்வு நன்றாக அமர்கிறது என்பதற்கு அதுவே சான்று. முன்பு மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியிலிருந்த பம்பில் விரல் ஒட்டவேயில்லை. இறுதியாகச் சோதனை மேசையில் மாட்டி ஓட்டி அழுத்தத்தையும் அளவையும் குறித்துக்கொண்டார். முள் ஒன்றரைப் பாரில் அசையாது நின்றது.

தந்தையார் இன்னும் தயங்கினார். "அண்ணாச்சி, உங்கள் வண்டியாக இருந்தால் இதைப் போடுவீர்களா?" என்று கேட்டார். "என் வண்டியாக இருந்தால் முதலில் ஆயிலை மாற்றுவேன்" என்றார் அவர். அந்த விடையில் ஆமென்பது அடங்கியிருந்தமையால் பம்பை வாங்கினோம். எஞ்சின் எண்ணெயும் இரண்டு பில்டர்களும் அன்றே மாற்றப்பட்டன. இம்முறையெல்லாம் எங்களதைப்போன்ற பழைய வண்டிகளுக்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 விதியும், 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதியும் நாடெங்கும் வந்தபின் செய்யப்பட்ட காமன் ரெயில் லாரிகளில் அழுத்தம் ஆயிரம் பாரையும் கடந்தது. அங்கே கட்டைவிரல் சோதனை செல்லாது.

பம்பை மாட்டியபின் பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வருமட்டும் கைப்பம்பை அடிக்கும் பணி எனக்குக் கிடைத்தது. தோள் நோக அடித்தேன். மறுவாரம் உப்போடு புறப்பட்ட வண்டியில் யானும் சென்றேன், அம்மா தடுக்கவில்லை. புளியரை ஏற்றத்தில் தந்தையார் இரண்டாம் கியரில், பேச்சின்றி, எஞ்சினின் ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. கிளீனர் கட்டையைக் கையிலெடுத்துக் கதவருகே ஆயத்தமாக இருந்தார். வளைவு கடந்தது. கிளீனர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலைப் பையைத் தேடினார்.

ஒவ்வொரு வாரமும் டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்க்கும் வழக்கம் தந்தையாருக்கு இப்போது வந்துள்ளது. பழைய பம்பை அவர் எறியவில்லை. அதன் கைப்பம்பு இன்னும் நன்றாக இருக்கிறதென்று கழற்றி, துணியிற் சுற்றி, டிரைவர் இருக்கையின் கீழுள்ள பெட்டியில் வைத்திருக்கிறார்.