வள்ளிக்கு எத்தனை 'எல்'?

அடையாறு காந்தி நகரில் காலை ஆறரை மணிக்கு டிகாக்‌ஷனும் வீடியோ காலும் ஒரே நேரத்தில் இறங்கும் வீடுகள் நிறைய உண்டு. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் அப்போது மாலை ஆறு மணி. அப்படி ஒரு வீட்டில், ஒரு சித்திரை மாதக் காலையில், மகள் போனில் சொன்னாள்: "பொண்ணுதான்ம்மா."

இங்கே சட்டப்படி சொல்லக்கூடாத விஷயம். அங்கே ஸ்கேன் எடுத்த கையோடு சொல்லிவிடுகிறார்கள்.

"அப்போ வள்ளி" என்றார் அம்மா. அன்றிலிருந்து பாட்டி. யோசிக்கக்கூட இல்லை.

வள்ளி என்பது அவருடைய மாமியாரின் பெயர். மாமியார் பெயரைப் பேத்திக்கு வைக்க இவ்வளவு ஆசைப்படும் மருமகள்கள் குறைவுதான். ஆனால் அந்த மாமியார் வேறு மாதிரி. பிரசவ லீவு முடிந்து, வேலையை விட்டுவிடலாமா என்று தயங்கி நின்ற மருமகளிடம், "குழந்தையை நான் பாத்துக்கறேன், நீ பஸ்ஸைப் புடி" என்று டிபன் பாக்ஸை நீட்டியவர். அந்தக் குழந்தைதான் இப்போது சான் ஹோசேயில் இருந்து பேசுகிறாள்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வள்ளிக்கு எத்தனை 'எல்'ம்மா?"

மருமகன் அமெரிக்காவில் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான். மகள் வேலைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது அந்த அம்மாள்தான். ஆக, பெயர் ஆங்கிலத்தில் நிற்கவேண்டும், ஸ்பானிஷில் நிற்கவேண்டும், அடையாறிலும் நிற்கவேண்டும்.

அங்கேதான் சிக்கல். ஸ்பானிஷில் 'ஜே' என்ற எழுத்து 'ஹ' ஆகிவிடும். ஜோஸ் என்று எழுதியிருக்கும் ஊரை ஹோசே என்று சொல்ல அடையாறு அப்பா அம்மாக்கள் பழகியதே இதனால்தான். (நம் சூசையப்பர்தான் அந்த ஹோசே.) 'ஹெச்' எழுத்துக்கு ஓசையே கிடையாது. 'வி'யும் 'பி'யும் காதுக்கு ஒன்றுதான். இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால், மெக்சிகோ உள்ளிட்ட பெரும்பாலான இடங்களில் 'ய'.

மகள் காகிதத்தில் எழுதி மாமியாரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு வாசித்தார்: "பாயி."

"பாயா? விரிச்சுப் படுக்கற பாயா?" என்றார் பாட்டி.

ஒரு 'எல்'லை எடுத்துவிடலாம் என்றார் மருமகன். எடுத்தால் தமிழ்க்காரர்கள் அதை 'வலி' என்றோ 'வாலி' என்றோ வாசிப்பார்கள். இரண்டு 'எல்'லையும் வைத்தால் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் 'வேலி'. ள-வைச் சொல்ல அங்கே நாக்கு மடங்காது. மகளே தன் பெயரைக் காபிக் கடையில் சொல்லும்போது மூன்று எழுத்தாகச் சுருக்கித்தான் சொல்கிறாள்.

அதன்பின் பாட்டியின் பழைய டைரியில் பட்டியல் வளர்ந்தது. மாலா என்று எழுதினார், ஸ்பானிஷில் 'கெட்டவள்'. லதா 'தகர டப்பா' ஆகிவிடும். சீதாவின் ஓசைக்கு 'அப்பாயின்ட்மென்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது. மீரா, கேட்க இனிமைதான். ஆனால் ஸ்பானிஷில் 'இங்கே பார்' என்று அர்த்தம், பார்க்கில் யாராவது தன் குழந்தையை 'மிரா, மிரா' என்று கூப்பிட்டால் இவளும் திரும்புவாள். தாராவுக்கு 'குறை' என்று பொருள் உண்டு. ஹரிணி 'அரினி' ஆவாள். 'அரினா' என்றால் மாவு. பாட்டி தன் கணவரை வீட்டில் எல்லோரும் கூப்பிட்ட 'மணி'யைக்கூடச் சும்மா கேட்டுப் பார்த்தார். கியூபாவிலும் அர்ஜென்டினாவிலும் 'மனி' என்றால் வேர்க்கடலையாம். "அவருக்குப் பிடிக்கும்" என்று சிரித்துவிட்டு டைரியை மூடினார்.

எதிர்த்தரப்பிலும் ஒரு பெயர் இருந்தது. சம்பந்தியம்மா வாய்விட்டுக் கேட்காமல், ஆனால் தினமும் மாதா படத்தின் முன் நின்று நினைத்துக்கொண்டிருந்த பெயர் குவாதலூப்பே. பெசன்ட் நகர்க்காரர்களுக்கு வேளாங்கண்ணி மாதா எப்படியோ, மெக்சிகோவுக்குக் குவாதலூப்பே மாதா அப்படி. டிசம்பர் 12 திருநாள். அந்தப் பெயரில் பெண்களும் உண்டு, ஆண்களும் உண்டு.

பாட்டி நான்கு நாள் பழகினார். "குவாத... லுப்பே." ஐந்தாம் நாள் அது "கோது உப்பே" என்று வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் உப்பு கேட்கிறார் என்று நினைத்துக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். அன்று இரவு பாட்டி, 'பாயி' என்று வாசித்த அந்த அம்மாளை மனதுக்குள் மன்னித்துவிட்டார்.

எலியட்ஸ் கடற்கரையில் காலை நடக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் சொந்தமாக ஒரு கதை இருக்கிறது. அங்கே நடந்தவர் பி.வி. கோபாலன், மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று பெசன்ட் நகரில் குடியிருந்தவர். அவர் மகள் சியாமளா, 1958-ல் 19 வயதில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். ஜமைக்காவைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிஸை மணந்தார். இரண்டு பெண்கள். 1964-ல் பிறந்தவளுக்குக் கமலா தேவி, 1967-ல் பிறந்தவளுக்கு மாயா லட்சுமி. லீவுக்குச் சென்னை வந்தபோது, தாத்தாவோடு இந்தக் கடற்கரையில் நடந்ததைக் கமலா ஹாரிஸ் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பெயர் வைத்த அம்மா என்ன நினைத்து வைத்தாரோ, இரண்டு பெயருக்கும் இரண்டு விதமான வாழ்க்கை. மாயா எந்த மொழியிலும் தடுக்காது. ஆங்கிலத்தில் தனியாகவே பழகிய பெயர்; ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு மெக்சிகோவின் மாயா நாகரிகம் ஞாபகம் வரும். கமலாவுக்கோ 50 வயதுக்கு மேலும் பாடம் நடத்தவேண்டியிருந்தது. 2019-ல் வெளியான தன் புத்தகத்தில், 'கமா' என்ற நிறுத்தற்குறியைப் போல ஆரம்பிக்கவேண்டும் என்று உச்சரிப்பு சொல்லிக்கொடுத்தார். மறு வருடம் தேர்தல் பிரச்சாரத்தில், எதிர்க்கட்சி செனட்டர் ஒருவர் மேடையிலேயே அந்தப் பெயரைக் கோணல்மாணலாக இழுத்துக் கிண்டல் செய்தார். கூட வேலை பார்த்த செனட்டரின் பெயர் தெரியாமலா இருக்கும்? ஃபின்லாந்தில் இன்னொரு தமாஷ்: அங்கே 'கமலா' என்றால் 'படுமோசம்'. எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பெயர் துணை ஜனாதிபதி பதவி வரை போனது.

பாட்டிக்கு இந்தக் கதை இரண்டு பக்கமும் இழுத்தது. "வள்ளின்னே வைக்கலாம், உலகம் கத்துக்கட்டும்" என்று ஒரு நாள். "அந்தக் குழந்தை எதுக்கு ஆயுசு முழுக்க வாத்தியார் வேலை பாக்கணும்?" என்று மறுநாள். இன்னொன்றும் உறுத்தியது. தான் கூப்பிடப்போவது வாரத்துக்கு நாலு நாள், போனில். தினமும் நூறு தடவை கூப்பிடப்போவது அந்த அம்மாள். பெயர் அவர் வாயில் அல்லவா முதலில் உட்காரவேண்டும்?

நம் ஊராக இருந்தால் இவ்வளவு அவசரமில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை வழி உண்டு. அங்கே ஆஸ்பத்திரியிலேயே படிவத்தை நீட்டிவிடுவார்கள்.

விடை டிவியில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை 'மெல்லத் திறந்தது கதவு' போட்டார்கள். அமலா. வங்காள அப்பாவுக்கும் ஐரிஷ் அம்மாவுக்கும் பிறந்து, திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் பரதம் படித்த பெண். 1986-ல் டி.ராஜேந்தர் 'மைதிலி என்னை காதலி' மூலம் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். 'அந்தப் பெயர் வங்காளத்திலும் அயர்லாந்திலும் அடையாறிலும் ஓடியிருக்கிறதே' என்று பாட்டிக்குத் தோன்றியது. மாசில்லாதவள் என்று பொருள். பிறவி மாசில்லாமல் உருவானவர் என்பதால் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மாதாவையே அமலோற்பவ மாதா என்று கும்பிடுகிறார்கள். சம்பந்தியம்மாவின் பங்கும் அதில் வந்துவிடுகிறது.

மறுநாள் ஆறரை மணிக்கு, மகள் 'ஹலோ' சொல்வதற்குள் பாட்டி, "அமலா" என்றார்.

போனுக்குள் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பாட்டி முதல் எழுத்தில் அழுத்திச் சொன்னார். அந்த அம்மாள் மடித்த துணியை அப்படியே மார்போடு வைத்துக்கொண்டு சிரித்தார்.

"என்னடி, இதுக்கும் ஏதாவது தகர டப்பாவா?" என்றார் பாட்டி கலவரமாக.

மருமகன் விளக்கினார். 'அமா' என்றால் நேசி. 'லா' என்றால் அவளை. அமலா என்றால் 'அவளை நேசி'. முதல் 'அ'வின் மேல் சின்னக் கோடு போட்டு எழுதவேண்டும். கோடில்லாவிட்டால் வாசிக்கும்போது அழுத்தம் இடம் மாறிவிடும். ஆனால் காதால் கேட்கும்போது அதுவேதான்.

சம்பந்தியம்மா ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "இதை எனக்குச் சொல்லித்தான் ஆகணுமான்னு கேக்கறாங்கம்மா."

(நைஜீரியாவில் அமலா என்பது கிழங்கு மாவில் கிண்டும் ஓர் உணவு. அதைப் பற்றி அடையாறில் யாரும் மூச்சுவிடவில்லை.)

இதோடு முடிந்திருக்கும். சம்பந்தியம்மாதான் இன்னொன்றைக் கிளப்பினார். மெக்சிகோ வழக்கப்படி குழந்தைக்கு இரண்டு குடும்பப் பெயர்: முதலில் அப்பா வழி, பிறகு அம்மா வழி. "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் அவதி என்று, மகளுக்கு அதில் அப்பா பெயரை எழுதியிருந்தார்கள்: சுப்பிரமணியன். ஆங்கிலத்தில் பதினோரு எழுத்து.

"அப்ப அதுதான் அவளுக்கும் வரணும்" என்றார் சம்பந்தியம்மா. மறுபேச்சே இல்லை.

பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். பெண் குழந்தை என்றதும், மூன்று வருடத்துக்கு முன் போய்விட்ட மனிதரின் பெயர் அத்தோடு நின்றது என்று பாட்டி நினைத்திருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. அது மெக்சிகோ வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை. "அடுப்பில பால்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று பால் வாங்கவே இல்லை.

ஆடியில் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டபோது இங்கே விடிகாலை நாலு. படிவத்தில் முதல் பெயர் எழுதியாகிவிட்டது, கடைசியில் இரண்டு குடும்பப் பெயரும் எழுதியாகிவிட்டது. நடுப்பெயருக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, சம்பந்தியம்மா நீங்களே சொல்லவேண்டும் என்கிறார் என்றாள்.

"குவாதலூப்பேன்னு போடச் சொல்லு. பாவம், ஆசைப்பட்டாங்க" என்றார் பாட்டி.

"அவங்க வள்ளின்னுதான் போடணும்னு உக்காந்திருக்காங்கம்மா. ஒரு வாரமா உன் மாமியார் பேரைப் பழகிக்கிட்டிருக்காங்க."

போன் கை மாறியது. ஒரு மூச்சு கேட்டது. பிறகு, "வல்-யி."

பாட்டி எழுந்து உட்கார்ந்தார். "நாக்கை இன்னும் கொஞ்சம் மேல மடக்கச் சொல்லு" என்றார். "ரெண்டு 'எல்'லும் போடு."