தொண்டைமானாற்றில் ஒரு பாக்குவெட்டி

அச்சுவேலியைக் கடந்து வடக்கே போனால் கடல்நீரேரியும் பாலமும் வரும். அதுதான் தொண்டைமானாறு. கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த கால்வாய் என்பதால் இப்பெயர் வந்ததாக ஊரார் சொல்வர். செல்வச் சந்நிதி முருகன் கோயில் இருப்பதும் இங்கேதான்.

என்னுடன் ஆசிரியப் பணி செய்யும் நண்பரின் வீடு அங்குள்ளது. அவருடைய தாயார் தேநீர் தந்துவிட்டு ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பழம்பொருள் வாங்குவோர் இருமுறை வந்து விலை கேட்டார்களாம்.

முதலில் ஒரு பாளைக்கத்தி. பனம்பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவ வேண்டியிருப்பதால் அலகு மிகக் கூராக இருக்கும். அடுத்தது மடக்கெழுத்தாணி. ஒரு முனை ஏட்டில் எழுத. மறுமுனைச் சிறுகத்தி ஓலையை வார. மத்ரஸாக்களில் நாணல் கலம் சீவிய கத்திக்கு இது உறவு!

கண்டி நாட்டுப் பிஹா கெத்த என்னும் கத்தியை அறிவது எளிது. தடித்த அலகு, அதில் பித்தளை அல்லது வெள்ளி வேலைப்பாடு, செதுக்கிய பிடி. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையில் பழைய கண்டிக் கத்திகள் உள்ளன. அக்கட்டடத்தை எழுப்பியவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். வீட்டுக் கத்திகளுக்கு அத்தகைய அலங்காரம் இல்லை. கைபட்டுத் தேய்ந்த பிடியும் சுத்தியல் தடமுமே அவற்றின் வயதைச் சொல்லும்.

மூன்றாவது, ஒரு பாக்குவெட்டி.

"இது எங்கட இல்லைத் தம்பி. தொண்ணூறுக்குப் பிறகு என்ரை தமையன் யாழ்ப்பாணத்திலை வாங்கினவர். சோனகத் தெரு வீட்டுச் சாமான் எண்டு பிறகுதான் தெரிஞ்சது. விக்க மனம் வரேல்லை."

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அன்று எத்தனை உம்மாமார் வெற்றிலைத் தட்டத்தை அப்படியே விட்டு நடந்தார்களோ!

கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிக்குமாறு ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அடையாளம் சொல்பவரிடம் அது ஒப்படைக்கப்படும். இதுவோ விலைக்கு வாங்கிய பொருள். ஆயினும் உரியவர் சம்மதமின்றி விற்கப்பட்டதை யார் வாங்கினாலும் உரிமை மாறாது. பழம்பொருள் சேர்ப்போர் "எவ்வளவு பழையது?" என்பதற்கு முன் "யாருடையது?" என்று கேட்பது கடமை. மார்க்கம் படித்த நான் சொல்ல வேண்டியதை, அந்த அம்மா செய்தே காட்டிவிட்டார்.

அதை என்னிடம் அமானிதமாகத் தந்திருக்கிறார். பிடியில் ஓர் அடையாளம் உண்டு, இங்கே எழுதவில்லை. சோனகத் தெருவில் வாழ்ந்த சகோதரிகளே! உங்கள் உம்மாவின், உம்மம்மாவின் பாக்குவெட்டி நினைவிருந்தால், அந்த அடையாளத்தைக் குறித்து இதழின் முகவரிக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், பொருள் வீடு சேரட்டும்.