பேழைக்குள் இருக்கும் காசு

சங்கப் புலவர் வரிசையைப் பயிலும் மாணவர், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார், வடம வண்ணக்கன் தாமோதரனார் என்னும் பெயர்களைக் கண்டு சற்றே தயங்குவதுண்டு. வண்ணக்கன் என்பது தொழில் பற்றி வந்த பெயர். காசின் மாற்றை நோக்கி, நல்லது இது, தீயது இது எனக் கூறுவோனே வண்ணக்கன். காசு நோக்கும் தொழிலோடு தொடர்புடையோர் கவிபாடவும் வல்லவராய் இருந்தனர் என்பது புறநானூற்றால் விளங்கும் செய்தி. காசையும் நேர்மையையும் நாணயம் என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழியில், அத்தொழிலுக்கெனத் தனிப்பெயர் ஒன்று இருந்ததில் வியப்பென்ன?

வண்ணக்கரின் கருவிகள் மிகச் சில. கண் ஒன்று, விரல் ஒன்று, காசைச் சுண்டி அதன் ஓசையைக் கேட்கும் செவி ஒன்று, இவற்றுக்குத் துணையாகத் தராசும் உரைகல்லும். கீழ்த்திசைத் துறைமுகங்களில் இத்தொழில் அண்மைக்காலம் வரை செழித்திருந்தது. மெக்சிகோ நாட்டு வெள்ளிக் காசுகளும், 1873 முதல் அமெரிக்கா அச்சிட்ட வணிக டாலர்களும், 1895 முதல் பம்பாய் நாணயசாலையில் உருவான பிரிட்டிஷ் வணிக டாலர்களும் இக்கடற்பரப்பெங்கும் புழங்கிய காலம் அது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் இன்றும் பணத்தை 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். உலோகம் மறைந்தும் பெயர் மறையவில்லை. அக்காலத்துச் சீன வணிகர், காசைச் சோதித்து நல்லதெனக் கண்டால், தம் கடையின் சிறு முத்திரையைக் காசின் முகத்திலேயே குத்திவிடுவர். ஒரே காசில் பல முத்திரைகள் நெருங்கிக் கிடப்பதையும் காணலாம். ஒவ்வொரு வடுவும் ஒரு வணிகரின் வாக்குறுதி. ஆயினும் அடுத்த கடைக்காரர் அவ்வாக்குறுதியை மட்டும் நம்பினாரல்லர். தாமும் ஒருமுறை நோக்கிய பின்னரே தம் முத்திரையைக் குத்தினார்.

இக்காலத்து வண்ணக்கர் காசைத் தொட்டு வடுப்படுத்துவதில்லை, பேழைக்குள் அடைக்கின்றனர். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972ஆம் ஆண்டில் காசுகளின் மெய்ம்மையைச் சோதித்துச் சான்றளிக்கும் பணியைத் தொடங்கிற்று. 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987இல் என்.ஜி.சி. நிறுவனமும் அப்பணியைப் பெருவணிகமாக்கின. காசை வல்லுநர் நோக்குவர்; மெய்க்காசாயின் அதற்கு ஒரு தர எண் இடுவர்; பின்னர் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பேழையில் வைத்து, அதன் விளிம்புகளை ஒலியதிர்வால் உருக்கி ஒட்டுவர். பெயர், ஆண்டு, தர எண், சான்றிதழ் எண் ஆகியவை உள்ளே ஒரு சீட்டில் இருக்கும். பேழையை உடைத்தாலன்றிக் காசைத் தொட இயலாது. முன்பின் அறியாத ஒருவரிடம், ஆயிரம் கல் தொலைவிலிருந்தே காசு வாங்கும் துணிவைச் சேகரிப்போருக்குத் தந்தது இந்தப் பேழைதான். அது சிறிய நன்மையன்று.

தர எண்ணின் கதை தனிச்சுவையுடையது. ஒன்று முதல் எழுபது வரை செல்லும் அவ்வளவையை 1949ஆம் ஆண்டில் வகுத்தவர் வில்லியம் ஷெல்டன். மனிதரின் உடலமைப்பை வகைப்படுத்தி எண்ணிட்டுப் புகழ்பெற்ற உளவியலாளர் அவர். பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளிலும் பெரும் புலமை வாய்ந்தவர். தேய்ந்து உருத்தெரியாத காசின் விலை ஒன்றாயின், குறையற்ற காசின் விலை எழுபது என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு பின்னர்ப் பொய்த்துப்போயிற்று. எண் மட்டும் நிலைத்தது. இன்று அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் இடையிலுள்ள அந்த ஓரெண் வேறுபாட்டால் விலை பன்மடங்காகும் காசுகள் உண்டு. அவ்வெண்ணை வகுத்தவரோ, நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த உயர்ந்த செப்புக் காசுகளைக் கவர்ந்துகொண்டு, அவ்விடங்களில் தாழ்ந்த காசுகளை வைத்துவிட்டார்! 1977இல் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அது வெளிப்பட்டது. காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். பெட்டியில் இருக்கவேண்டிய காசும் இருந்த காசும் ஒன்றல்ல என்பதை அவை சொல்லின. காசுப்பெட்டியின் மேலிருந்த சீட்டை மட்டும் படித்துச் சென்றவர் எவரும் இதைக் கண்டிருக்க முடியாது.

பேழை நம்பிக்கைக்கு உரியதாயிற்று. ஆகவே பேழையையே போலியாகச் செய்யத் தொடங்கினர். 2008ஆம் ஆண்டளவில் இரு நிறுவனங்களும் தத்தம் பேழைகளைப் போன்ற போலிகள் சந்தையில் திரிவதாக எச்சரித்தன. எழுத்தும் நிறமும் மின்னும் முத்திரையும் மெய்ப்பேழையை ஒத்திருந்தன. முன்பெல்லாம் கள்ளக்காசு செய்தவன் அரசனின் முகத்தை அச்சிட முயன்றான். இன்றைய கள்ளனோ காசு நோக்குவோரின் முகத்தையும் சேர்த்து அச்சிடுகிறான்.

வாங்குவோர் முதலில் செய்வது சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் பார்ப்பது. எண் பதிவேட்டில் இருக்கிறது, ஆண்டும் தரமும் பொருந்துகின்றன. எனவே காசு மெய்யென்று மகிழ்ந்துவிடுகின்றனர். இம்மகிழ்ச்சிதான் இடறுமிடம். போலி செய்வோர் எண்ணைக் கற்பனையாக இடுவதில்லை. விற்பனைக்கு வந்த ஒரு மெய்ப்பேழையின் எண்ணையே எடுத்துத் தம் பேழைகளில் அச்சிடுவர். பதிவேடு பொய் சொல்லவில்லை. அது வேறொரு காசைப் பற்றி உண்மை சொல்கிறது. ஆதலால் பதிவேட்டில் புகைப்படம் இருப்பின், கையிலுள்ள காசை அதனோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிடுதல் வேண்டும். கன்னத்திலுள்ள சிறு கீறல், விளிம்போரம் படர்ந்த பழுப்பு நிறம், விண்மீன் குறியருகே உள்ள ஒரு புள்ளி ஆகியவை கைரேகை போன்றவை. ஒரே அச்சில் பிறந்த இரு காசுகள்கூட ஒரே வடுவைப் பெறுவதில்லை.

இவ்வுண்மையைக்கொண்டே வல்லுநர் போலிகளைப் பிடிக்கின்றனர். கள்ள அச்சு செய்வோன் மெய்க்காசு ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு அச்சை உருவாக்குகிறான். அம்முன்மாதிரியில் கிடந்த பள்ளமும் அச்சில் ஏறிவிடுகிறது. பின்னர் அவன் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே பள்ளம். வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு கைகளில் வாழ்ந்ததாகக் கூறப்படும் இரு காசுகளுக்கு ஒரே காயம் எங்ஙனம் வந்தது? இவ்வினாவுக்கு விடையிறுக்க இயலாமல் அகப்பட்ட போலிகள் பல.

வேறொரு வகையும் உண்டு. காசு மெய்யாகவே இருக்கும். அதன் ஓர் எழுத்து மட்டும் பொய்யாக இருக்கும். 1916ஆம் ஆண்டில் டென்வர் நாணயசாலையில் அடித்த புதுப்பாணிப் பத்துக் காசுகள் 264,000 மட்டுமே. பிலடெல்பியாவில் அடித்தவையோ இரண்டு கோடிக்கும் மேல். இரண்டுக்கும் வேறுபாடு பின்புறத்திலுள்ள 'டி' என்னும் ஒற்றை எழுத்தே. மலிவான காசில் அவ்வெழுத்தை ஒட்டிவைத்தால் விலை வானளாவும். உருப்பெருக்கியின் கீழ் எழுத்தின் அடியைப் பார்த்தால், அது காசின் உடலிலிருந்து எழுந்ததா, மேலே ஒட்டியதா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பேழை உதவுவது போலவே தடையும் செய்கிறது என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். மார்கன் டாலர் என்னும் வெள்ளிக் காசின் எடை 26.73 கிராம். வெறுங்காசாயின் சிறு தராசே பல பொய்களை உடைத்துவிடும். பேழைக்குள் இருக்கும்போது காசைத் தனியே நிறுக்க இயலாது. நீரிலிட்டு அடர்த்தி காண இயலாது. சுண்டி ஓசை கேட்கவும் இயலாது. வார்ப்புப் போலிகளின் விளிம்பில் தெரியும் இணைப்புக் கோட்டைப் பேழையின் உள்வளையம் மறைத்துவிடுவதுண்டு. வண்ணக்கரின் கருவிகளில் கண் ஒன்றே எஞ்சுகிறது. அக்கண், காசை நோக்குமுன் பேழையின் ஓரங்களையும் நோக்கவேண்டும். மெய்ப்பேழையைத் திறந்து தாழ்ந்த காசை உள்ளே வைத்து மீண்டும் ஒட்டியிருந்தால், இணைப்பில் வெண்மையான மங்கலோ, பசையின் தடமோ, உடைந்த சில்லோ தென்படக்கூடும். 2020 முதல் பி.சி.ஜி.எஸ். தன் பேழைகளில் கைப்பேசியால் படிக்கத்தக்க நுண்சில்லு ஒன்றைப் பொதிந்து வருகிறது. நல்ல காவல்தான். எனினும் சில்லு தன்னைப் பற்றிப் பேசுமே அன்றிக் காசைப் பற்றிப் பேசாது.

இத்தொழிலில் பொய்யை மெய்யென்று கொள்வதால் பணம் போகும். மெய்யைப் பொய்யென்று தள்ளினால் என்ன போகும் என்பதற்கு ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் வரலாறு சான்று.

அமெரிக்காவின் பழைய ஐந்து காசு நாணயத்தில் சுதந்திர தேவியின் தலை பொறிக்கப்பட்டிருந்தது. 1912உடன் அவ்வுரு நின்று, மறு ஆண்டில் காட்டெருமை உரு வந்தது. ஆயினும் 1913 என்னும் ஆண்டெண்ணோடு சுதந்திர தேவிக் காசுகள் ஐந்து இருக்கின்றன. நாணயசாலையின் கணக்கில் அவை இடம்பெறவில்லை. மறைவாக அடிக்கப்பட்டவை என்பதே பொதுவான கருத்து. அவற்றுள் ஒன்றை வட கரோலினாவைச் சேர்ந்த ஜார்ஜ் வால்ட்டன் வாங்கி வைத்திருந்தார். 1962ஆம் ஆண்டில், காசுக் கண்காட்சி ஒன்றுக்குச் செல்லும் வழியில் சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார். அக்காசு அவரோடு இருந்தது. குடும்பத்தார் அவர் தொகுப்பை ஏலத்துக்கு விட்டபோது, அந்த ஒரு காசு மட்டும் திரும்பி வந்தது. ஆண்டெண் திருத்தப்பட்டது, மெய்யன்று என்பது சோதித்தோரின் தீர்ப்பு.

அவருடைய சகோதரி அதை எறிந்துவிடவில்லை. போலியெனச் சொல்லப்பட்ட காசை வீட்டிலேயே காத்து வைத்தார். உடன்பிறந்தான் இறுதிவரை மெய்யென்று நம்பிய பொருளை எறிய யாருக்குத்தான் மனம் வரும்? முப்பதாண்டுகள் அது அலமாரியில் கிடந்தது. சகோதரியும் மறைந்தார். உண்மையை அறியாமலே மறைந்தார் என்பதுதான் இவ்வரலாற்றில் ஈடுசெய்ய முடியாத பகுதி.

2003ஆம் ஆண்டில், காணாமற்போன ஐந்தாவது காசுக்குப் பத்து இலட்சம் டாலர் தருவதாக ஒரு காசு வணிக நிறுவனம் அறிவித்தது. மற்ற நான்கு காசுகளும் பால்டிமோர் நகரில் நடந்த அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்திருந்தன. சகோதரியின் மக்கள் தம் காசை அங்கு எடுத்துச் சென்றனர். ஒரு ஜூலை மாதத்து இரவில் ஆறு வல்லுநர் அதை நான்கோடும் பக்கத்தில் பக்கமாக வைத்து நோக்கினர். நாற்பதாண்டுகளுக்கு முன்னர்த் தீர்ப்புரைத்தோருக்கு வாய்க்காத வசதி அது. நோக்கியோர் ஒரே முடிவுக்கு வந்தனர்: காசு மெய்.

பத்தாண்டுகள் கழித்து, 2013 ஏப்ரலில், ஐந்து காசு முகமதிப்புள்ள அத்துண்டு ஏலத்தில் 3,172,500 டாலருக்கு விலைபோயிற்று. அப்போது அது பேழைக்குள் இருந்தது. சீட்டில் 63 என்னும் தர எண் இருந்தது.