இடுக்கில் நீண்ட மூடுபனி

இஃது ஒரு பிழைதிருத்தம். பிழை செய்தவள் நான்.

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய பள்ளியொன்றில் பணியாற்றிய காலம். காற்று மூடுபனியை எவ்வாறு நகர்த்துகிறது எனப் படம் வரையுமாறு நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கூறினேன். ஒரு வட்டம், ஓர் அம்புக்குறி, சற்றுத் தள்ளி அதே வட்டம். நான் எதிர்பார்த்த விடை அவ்வளவே. கொழுந்து பறிக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் மட்டும் மூன்று உருவங்களை வரைந்திருந்தான். பள்ளத்தாக்கில் உருண்டை, இரு குன்றுகளின் இடுக்கில் வெள்ளரிக்காய்போல் நீளம், தேயிலைச் சரிவில் முன்பக்கம் சாய்ந்த வடிவம். நான் சிவப்பு மையால் தவறு எனக் குறியிட்டேன். அதன்பின் அறிவியல் பாடத்தில் அவன் கை உயர்த்தவே இல்லை. அதைக்கூட நான் தாமதமாகத்தான் கவனித்தேன்.

சில மாதங்கள் கழித்து வானிலையியல் நூலொன்றைப் படித்தபோது என் அறியாமை விளங்கிற்று. காற்றின் ஒரு சிறு பகுதி இடம்பெயரலாம், சுழலலாம், விரியவோ குவியவோ செய்யலாம். இவை மூன்றும் இன்றி, பரப்பளவு மாறாமலே வடிவம் மட்டும் மாறலாம். அதுவே உருத்திரிபு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் அம்புக்குறி வரையக் கற்ற எனக்கு இந்த நான்காவது செயல் புதிது.

இடுக்கில் நுழையும் காற்று விரைவு கொள்கிறது. முன்னே செல்லும் பகுதி பின்னே வருவதைவிட வேகமாக ஓடுவதால் மூடுபனி நீள்கிறது, பக்கவாட்டில் ஒடுங்குகிறது. சரிவிலோ தேயிலைச் செடிகள் அடிக்காற்றைத் தடுக்கின்றன. மேற்காற்று முந்திச் செல்ல, உருவம் சாய்கிறது. (வெயில் ஏறினால் மூடுபனி ஆவியாகியும் வடிவம் மாறும். எல்லாவற்றையும் காற்றின் கணக்கில் எழுதிவிடலாகாது.)

வகுப்பில் இதனைக் காட்டுவது எளிது. தட்டில் ஆறிய வெறுந்தேநீர் ஊற்றி, நடுவே ஒரு துளி பால் விடுங்கள். இரு பக்கத்திலிருந்தும் கரண்டிகளால் நீரை மெல்ல நடுவை நோக்கித் தள்ளுங்கள். பால் துளி குறுக்கே இழையாக நீளும். இப்போது ஒரு பக்கம் குளிர்காற்று, மறுபக்கம் வெப்பக்காற்று என எண்ணிப் பாருங்கள். இடைப்பட்ட பகுதி ஒடுங்க ஒடுங்க, பல நூறு கிலோமீட்டரில் பரவியிருந்த வெப்ப வேறுபாடு ஒரு குறுகிய பட்டையில் நெருங்கிவிடுகிறது. மிதவெப்ப நாடுகளில் மழையும் புயலும் கொணரும் காற்று முகப்புகள் இவ்வாறு உருவாவதை 1928இல் தோர் பெர்யெரோன் என்னும் சுவீடிய அறிஞர் விளக்கினார். நம் நாட்டிலும் காற்று உருத்திரிகிறது. ஆயினும் நிலநடுக்கோட்டருகே காற்றோட்டங்களிடையே வெப்ப வேறுபாடு சிறிதாகையால் அத்தகைய முகப்புகள் நமக்கு அமைவதில்லை.

மறுநாள் அவனை அழைத்து, தாளிலிருந்த குறியை அடித்துவிட்டு முழு மதிப்பெண் இட்டேன். "நான்தான் தவறு செய்தேன், தம்பி" என்றேன். அவன் தாளை நெடுநேரம் பார்த்தான்.

"டீச்சர், அப்பா வேலைக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். தினமும் அப்படித்தான் நீளும்" என்றான். பிறகு, "அந்தப் பால் தட்டை இன்னொரு முறை செய்யலாமா?" என்று கேட்டான்.

பால் தீர்ந்திருந்தது. சிற்றுண்டிச் சாலைக்கு அவனையே அனுப்பினேன்.