பேசாப் பொருள்கள்

கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பெற்ற முகமூடி ஆடுவதில்லை. ஆப்பிரிக்க ஊர்களில் அதனை அணிந்தவன் நாராடை உடுத்து, முழவொலிக்கு இசைய மக்கள் நடுவே ஆடினான். அறுவடைக்கும், இறந்தார் நினைவுக்கும், சிறுவர் ஆடவராகும் சடங்குக்கும் முகமூடிகள் இருந்தன. ஆடையும் இசையும் ஆட்டமும் பிறந்த மண்ணிலே நின்றுவிட, மரமுகம் மட்டும் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கே அதன்கீழ்க் குலத்தின் பெயரை எழுதினர்; செதுக்கியவன் பெயரைக் கேட்டு எழுதினோர் மிகச் சிலரே.

இற்றைநாள் ஆப்பிரிக்கக் கலைஞர் இதனைக் கண்டு வாளாவிருந்தாரல்லர். பெனின் நாட்டு ரொமுவால்ட் ஹஸூமே பழைய பெட்ரோல் கலன்களைக் கொண்டு முகமூடிகள் செய்தார். மேனாட்டார் தந்த குப்பையை மேனாட்டார்க்கே கலையாக்கித் திருப்பும் செயல் அது. 1892-இல் பிரெஞ்சுப் படையினர் அபொமே அரண்மனையிலிருந்து கவர்ந்த பொருள்களுள் 26 மட்டும் 2021-இல் தாய்நாடு மீண்டன. அப்பயணத்தை மாட்டி டியோப் என்னும் பெண்மணி 2024-இல் ‘டஹோமி’ என்ற படமாக்கிப் பெர்லின் விழாவில் பொற்கரடிப் பரிசு பெற்றார். அதில் ஓர் அரசன் சிலையே தன் சிறைவாசத்தைச் சொல்லுகிறது! ஆயிரக்கணக்கானவற்றுள் இருபத்தாறுதானோ என்று மாணவர் கூடி வழக்காடுகின்றனர்.

கெடாவில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்பீர்களாயின், ஆவது உண்டு. கடாரத்து அரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுத்தான். இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அளித்தான். அவ்வறத்தைக் கூறும் 21 செப்பேடுகள் ஒல்லாந்து நாடு சென்று லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. அதனால் அவற்றுக்கு ‘லெய்டன் செப்பேடு’ என்றும் பெயர் வழங்குகிறது. ஊரைவிட்டுப் போன பொருளின்மேல் அயலூர்ப் பெயரும் ஏறிற்று! பழங்கெடாவைச் சேர்ந்திருந்த செபராங் பிறையில் 1834-இல் கர்னல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த, மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டோ கல்கத்தா அருங்காட்சியகம் புகுந்தது.

ஆயினும் கடல் கடந்தால்தான் ஒரு பொருள் ஊமையாகும் என்பதில்லை. எம் அன்னையார் சுங்கைப்பட்டாணியை அடுத்த ஒரு தோட்டத்தில் முப்பதாண்டு பால்மரம் வெட்டியவர். அவர்தம் உளியையும், மங்கையும், வாளி சுமந்த காண்டாக் கம்பையும் நகரத்து மண்டபமொன்றின் சுவரை அலங்கரிக்கக் கேட்டு இளைஞர் சிலர் வந்தனர். அன்னையார் உளியை மடியில் வைத்துக்கொண்டே, “மாட்டிக்கொள்ளுங்கள், தம்பி. இதைப் பிடித்தவள் யார் என்று பார்ப்பவனுக்கு யார் சொல்வது?” என்று வினவினார். இளைஞர் விடையின்றி நின்றனர். பின்னர் அவர்களுள் ஒருவர் ஏடெடுத்து எழுதத் தொடங்கினார். விடியுமுன் பெரட்டுக்குச் சென்றது, நிரையில் விளக்கோடு நடந்தது, மழை பெய்தால் அன்றைய கூலி போனது, பட்டை காயப்படாமல் உளியைச் சாய்த்துப் பிடிக்கும் முறை ஆகிய அனைத்தும் இரண்டு மாலைப்பொழுதில் ஏடேறின. அதன் பின்னரே அன்னையார் உளியை ஈந்தார்.

லெய்டனைக் குறித்து வருந்துதல் தகும். கேட்டுப் பெறுதலும் தகும். ஆனால் நம் வீட்டுப் பரணில் கிடப்பவற்றை மறந்து, கடலுக்கு அப்பால் உள்ளவற்றுக்கு மட்டும் கண்ணீர் விடுவது எவ்வாறு பொருந்தும்? கெடாவில் தோட்டங்கள் பல மறைந்தன, லயங்கள் இடிபட்டன, ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனையும் புதுமனைகளும் எழுந்தன. உளி பிடித்த கைகள் முதுமையால் நடுங்குகின்றன. ஓவியமும் நாடகமும் படமும் பயிலும் நம் இளைஞர் அக்கைகளுக்குரியாரை இன்றே அணுகிக் கேட்பாராக! கேட்டதைக் கலையாக்குவாராக! சொல்லுவோர் மறைந்தபின் சுவரில் எஞ்சுவது வெறும் இரும்பே.