பூக்கடை வாளி

பிரிக்பீல்ட்ஸ், சனிக்கிழமை காலை. பூக்கடைக்கு மேல்மாடியில் டியூஷன் வகுப்பு. மின்விசிறி கடகடக்கிறது.

மூலையில் கண்ணாடி அலமாரி. உள்ளே கனத்த இரும்பு நுண்ணோக்கி, பிளாஸ்டிக் உறையோடு. உறைமேல் தூசி. கதவில் சிவப்பு மையில் எச்சரிக்கை: தொடாதீர். சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

மேசை நிறைய அட்டைத் தாள்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கோடு பார்த்து மடிக்கிறார்கள். ஒருவன் தலைகீழாக மடிக்கிறான். பிரிக்கிறான். மறுபடி மடிக்கிறான். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. கடைசியில் நடுவில் கடுகளவு வில்லை உட்காருகிறது. 140 மடங்கு பெரிதாக்கும்.

இந்த அட்டை நுண்ணோக்கியின் பெயர் ஃபோல்ட்ஸ்கோப். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷ், ஸ்டான்ஃபோர்டில் தன் மாணவர்களோடு உருவாக்கியது. ஆய்வுக் கட்டுரை வந்த ஆண்டு 2014. அப்போது உதிரிப் பொருள்களின் செலவு ஓர் அமெரிக்க டாலருக்கும் கீழே. மூன்று மாடி உயரத்திலிருந்து போட்டாலும், காலால் மிதித்தாலும் தாங்கும் என்கிறது கட்டுரை.

ஒருத்தி கை தவறிக் கீழே போடுகிறாள். பேச்சு நிற்கிறது. எல்லாத் தலையும் டீச்சர் பக்கம். டீச்சர் நோட்டுத் திருத்துகிறார். நிமிரவில்லை.

முதலில் தலைமுடி. பிறகு உப்பு, வெங்காயத் தோல், ஒருவனின் நகத்து அழுக்கு. நகத்து அழுக்குக்குத்தான் வரிசை நீளம்.

இரண்டு பேர் கீழே ஓடுகிறார்கள். செவ்வந்தி நிற்கும் வாளியிலிருந்து மைலோ டின் மூடியில் தண்ணீர் வருகிறது. பாதி படியிலேயே சிந்திவிட்டது.

ஒரு சொட்டு. மேலே ஒளிபுகும் டேப். கீழே போட்டவளின் முறை. இமைமுடி உரசும் அளவுக்கு அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். மங்கல். கட்டை விரலால் மெல்லத் தள்ளுகிறாள். தெளிகிறது. ஒரு தலை. இருபுறமும் கரும்புள்ளிக் கண்கள். வாயோர மயிர்க்கற்றை ஓயாமல் விசிறுகிறது. உடம்பு கண்ணாடி, குடலுக்குள் ஏதோ பச்சையாக நகர்கிறது.

“டீச்சர், ஜென்திக் ஜென்திக்! கொசுப்புழு!”

சத்தம் கேட்டுப் பூக்கடை அக்கா மேலே வருகிறார். விரலில் வாழைநார். அட்டையை வாங்கி இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறார். பிள்ளைகள் திருத்துகிறார்கள். ஒரு கண் திறக்கிறது. வெகுநேரம் பேச்சில்லை.

“இது என் வாளியிலயா?”

“ஆமாக்கா.”

“கீழ யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

இறங்குகிறார். வாளி தார் ரோட்டில் கவிழ்கிறது. உள்சுவரைத் தேங்காய் நார் கொண்டு தேய்க்கிறார். ஏடிஸ் முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். புழு இருக்கும் வாளியைச் சுகாதார அதிகாரி முதலில் பார்த்திருந்தால், அபராதம் வழக்கமாக 500 மலேசிய வெள்ளி.